ஏற்காட்டு நாற்றும் ஆப்பிரிக்க நத்தையும்: குருணையா, சாக்கா?

நாகலூர் காப்பி:
மழை பிடித்ததும் பீன்ஸ், குடைமிளகாய் நாற்றுகளை ஆப்பிரிக்க நத்தை மொட்டையடிக்கிறது. இலையைக் கடித்தால் துளிர்த்துவிடும்; தண்டை அறுத்துவிட்டால் மறுநடவுதான். நத்தையைக் கொல்லும் மெட்டால்டிஹைட் விஷக் குருணைதான் சரியான வழி. சாயங்காலம் வரிசைக்கு இடையே கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, ஓரத்தில் நத்தை நுழையும் அளவு உடைத்து, உள்ளே நாலைந்து குருணை வையுங்கள். மழையில் நனையாது.

சரிவுக்காடு:
அண்ணா, குருணையில் தவிடு மாதிரி தீனி கலந்திருக்கும். வாசம் பிடித்து நாய் கொட்டாங்குச்சியைப் புரட்டிவிடும். தின்றால் வலிப்பு வரும், அதற்கென்று முறிவு மருந்தும் இல்லை. செம்போத்து நத்தையைக் கொத்தித் தின்கிற பறவை. விஷம் தின்ற நத்தையை அதுவும் தின்னும். பறவைக்கும் விலங்குக்கும் ஆபத்து என்றுதான் பிரிட்டன் 2022-இல் வெளித்தோட்டங்களில் இதைத் தடை செய்தது. தவிர, இந்த மருந்து மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு போகும். சேலம் ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு பிறப்பது இதே சேர்வராயன் மலையில்தானே!

நனைத்த சாக்குக்கு அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோஸ் கழிவு போட்டு வேலியோரம் விரித்து வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் தூக்கினால் அடியில் அப்பிக் கிடக்கும். கையுறை கட்டாயம்: எலி நுரையீரல் புழு இந்த நத்தையில் இருக்கலாம், மனிதருக்கு மூளையுறை அழற்சி வரும். 5 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ கல்லுப்பு கரைத்து அதில் போட்டுக் கொன்று, குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி மாடித்தோட்டம்:
அந்த உப்பையே தொட்டியைச் சுற்றித் தூவிவிட்டால் என்ன?

சரிவுக்காடு:
வேண்டவே வேண்டாம்ங்க. மழையில் கரைந்து வேருக்குப் போகும், இலை நுனி கருகும், மண் இறுகிவிடும். வாளித் தண்ணீரையும் பாத்தியில் கொட்டக்கூடாது.

நாகலூர் காப்பி:
பத்து சென்ட் தோட்டத்துக்குச் சாக்கு சரி தம்பி. இரண்டு ஏக்கர் சரிவில் தினம் சாக்குத் தூக்க ஆள் எங்கே? ஒரு நத்தை ஒரே ஈட்டில் நூற்றுக்கு மேல் முட்டையிடும். பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அத்தனைக்கும் காரணம் நீங்கள் எல்லோரும் பரிந்துரைக்கும் மூடாக்கு, அதாவது மண்மேல் சருகு பரப்புவது. சருகு ஈரமாகக் கிடந்தால் நத்தைக்குப் பகல் வீடு அதுதான்.

சரிவுக்காடு:
மூடாக்கை எடுத்தால் ஒரே மழையில் மேல்மண் ஓடிவிடும் அண்ணா. நாற்றைச் சுற்றி ஒரு முழம் மட்டும் வெறுமையாக விட்டு, தண்டு முற்றியதும் சருகைத் தள்ளிக்கொடுங்கள். இரண்டு ஏக்கருக்கும் சாக்கு வேண்டாம், புதர் ஒட்டிய ஓரம் போதும். நத்தை அங்கிருந்துதான் இறங்கும். கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு உறங்கும் நத்தை முதல் மழைக்குத்தான் வெளியே வரும். அந்த முதல் வாரம் பொறுக்கினால் முட்டையிடுவதற்கு முன்பே பாதி குறையும். களைகொத்தும்போது மிளகு அளவில் வெளிர்மஞ்சள் முட்டைக் குவியல் தட்டுப்பட்டால் அதையும் உப்பு வாளியில் போடுங்கள்.

நாகலூர் காப்பி:
ஓரத்துக்குச் சாக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்றங்கால் கொட்டகைக்குள் குருணைதான் வைப்பேன். நாலு பக்கமும் வலை, கதவு உண்டு. நாயும் செம்போத்தும் நுழையாது, மழைத்தண்ணீரும் ஓடாது.

சரிவுக்காடு:
அங்கே வையுங்கள். செத்த நத்தையைக் காலையிலேயே எடுத்துப் புதைத்துவிடுங்கள், மிச்சக் குருணையை வெளியே கூட்டித் தள்ளாதீர்கள்.