பாபநாசம் வரை குதிரையில் போக எப்படிப் பழக்குவது?

பேட்டையிலிருந்து கேள்வி: எங்கள் மார்வாரிப் பெட்டைக் குதிரைக்கு ஆறு வயது. தை மாதம் நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாபநாசம் போய்த் திரும்ப ஆசை. இப்போது தினமும் ஒரு மணி நேரம் நடைதான். எப்படிப் பழக்கலாம், அண்ணாச்சி?

பாளையங்கோட்டை: மூன்று மாதமாவது வேண்டும் தம்பி. முதலில் நீண்ட நடை மட்டும், அப்புறம் மெதுவோட்டம். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீங்க. மூச்சும் தசையும் சீக்கிரம் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் தேற மாதக்கணக்காகும். பார்க்கத் தெம்பாக இருக்கும்போதே கால் போய்விடும், அதுதான் எனக்குப் பயம். சவாரி முடிந்து அரை மணி நேரத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64க்குக் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் மறுநாள் ஓய்வு.

கல்லிடைக்குறிச்சி: தார்ச்சாலையில் ஓட்டாதீங்க, வாய்க்கால் கரை மண்பாதை நல்லது. லாடத்தை ஒரு வாரம் முன்னாலேயே அடித்துவிடுங்க. கொள்ளை ஊறவைத்துக் கொடுங்க, வியர்வைக்கு உப்பும் வேண்டும்.

பேட்டை: சரி அண்ணாச்சி, நாளையே நடையைக் கூட்டுகிறேன்.