ஸ்கீமா பிழைகளைத் தன்னார்வலர்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

படிப்பகத்தோழி:
வணக்கம். எங்கள் பக்கத்தில் ஒன்பது ஊர்ப் படிப்பகங்களின் உறுப்பினர் பட்டியலைத் தொகுக்கிறேன். அவர்கள் அனுப்பும் எக்செல்லை ஜேசான் என்ற தரவு வடிவமாக மாற்றி, ஏஜேவி என்ற சரிபார்ப்பு நிரலை வைத்து ஸ்கீமாவோடு (தரவு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்பு) சரிபார்க்கிறேன். வரும் பிழைகளைத் தமிழாக்கி அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன்.

போன வாரம் ஓர் அக்கா கூப்பிட்டார். "மெம்பர்ஸ் 13, பெயர் 12 எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாதுன்னு வருதும்மா. 13ஆம் வரியில அப்துல்னுதான் இருக்கு. நாலு தடவை அழிச்சு எழுதிட்டேன்." தேடிப் பார்த்தால் சிக்கல் 15ஆம் வரியில், தமிழ்ச்செல்வி என்ற பெயரில். அதுவும் ஏழு எழுத்துதானே? பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர் அவர். அவரை அலைக்கழித்தது எனக்குப் பொறுக்கவில்லை.

வரிக்கணக்கு:
ஜேசானில் எண்ணிக்கை 0-இல் தொடங்கும். 13 என்றால் 14ஆவது ஆள். எக்செல்லில் தலைப்பு வரி ஒன்று இருப்பதால் 15. ஆனால் வெறுமனே 2 கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். மாற்றும்போது வெற்று வரிகள் விடுபட்டால் கணக்கு பிசகிவிடும். எக்செல் வரி எண்ணைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். தரவுக்குள்ளேயே சேர்த்தால், கூடுதல் புலங்களைத் தடுக்கும் ஸ்கீமா அதையும் பிழை என்றுவிடும். செய்தியில் ஆளின் பெயரையும் போடுங்கள். பெயரைப் பார்த்ததும் அவர்களுக்கு வரி தெரிந்துவிடும்.

உயிர்மெய்:
பெயர் விஷயத்தில் அந்த அக்கா மேல் தவறே இல்லை. ஜேசான் ஸ்கீமா எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை, நம் எழுத்துகளை அல்ல. 'த' ஒன்று. 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு. 'ழ்' புள்ளியோடு இரண்டு. அப்படியே போனால் தமிழ்ச்செல்விக்கு 13. ஆங்கிலச் செய்தியில் வரும் 'கேரக்டர்' என்பதை 'எழுத்து' என்று பெயர்த்த இடத்தில்தான் குழப்பம். ஒருவரின் சொந்தப் பெயரையே தவறு என்று சொல்லும் விதியை எடுத்துவிடுங்கள். எழுத்தளவு கட்டாயம் வேண்டுமென்றால், எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் ஜாவாஸ்கிரிப்டின் இன்டில் செக்மென்டரால் தனியாக எண்ணலாம். அது 7 என்றே சொல்லும்.

படிப்பகத்தோழி:
உறுப்பினர் அட்டையில் இடம் போதாது என்று அந்த 12-ஐ வைத்தவளே நான்தான். இன்றே எடுக்கிறேன். இன்னொன்று: தொலைபேசி எண் தவறினால் ஒரே கட்டத்துக்கு மூன்று பிழை வருகிறது. கைபேசி அல்லது தரைவழி, இரண்டில் ஒன்று மட்டும் பொருந்த வேண்டும் என்று 'ஒன்ஆஃப்' விதி போட்டிருக்கிறேன்.

வரிக்கணக்கு:
இரண்டு கிளைக்கும் ஆளுக்கொன்று, எதுவுமே பொருந்தவில்லை என்று மூன்றாவது. ஒரே இடத்தைச் சுட்டுகிறவற்றைச் சேர்த்து ஒரு வரியாக்குங்கள். அங்கே எக்செல்லையும் பாருங்கள். தரைவழி எண்ணின் முதல் 0-வை விழுங்கி, அதை வெறும் எண்ணாக்கி வைத்திருக்கும்.

படிப்பகத்தோழி:
அதேதான்! அக்காவுக்கு இப்போது அனுப்பியது: "22ஆம் வரி, முருகேசன், தொலைபேசி: முன்னால் இருந்த 0 விழுந்துவிட்டது. அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு 0-வோடு எழுதுங்கள். மற்றதெல்லாம் சரி." ஐந்து நிமிடத்தில் திருத்திய கோப்பு வந்துவிட்டது.