லினக்ஸ் மடிக்கணினியில் விட்டுவிட்டு வரும் வைஃபை: உங்களுக்கு எது கைகொடுத்தது?

சிக்னல் முழுசாகக் காட்டும், இணைப்பு அறுந்ததாகவும் சொல்லாது, ஆனால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். உபுண்டு போட்டதிலிருந்து எனக்கு இதே தொல்லை. கைப்பேசியில் அதே வைஃபை ஒழுங்காக ஓடியதால் ரவுட்டர் மேல் பழி போடவும் வழியில்லை.

இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் ரவுட்டர் முகவரிக்கும் மற்றொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கும் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கட்டளை) ஓடவிட்டேன். வெளியே போகும் பிங் மட்டும் நின்றால் கோளாறு ரவுட்டருக்கு அந்தப் பக்கம். இரண்டும் சேர்ந்து தடுமாறினால் மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில். எனக்கு ரவுட்டர் பிங்கே சில மில்லி வினாடியிலிருந்து திடீரென நூற்றுக்கணக்கில் எகிறியது. வேடிக்கை என்னவென்றால், பெரிய கோப்பு எதையாவது இறக்கும்போது அது அடங்கிவிடும். சும்மா இருக்கும்போதுதான் ஏறும். துப்பு அங்கேதான் கிடைத்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை அட்டை இடையிடையே தூங்கப் போகிறது.

லினக்ஸில் இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புகளில் வைஃபை பவர்சேவ் (மின்சேமிப்பு) என்று ஒரு வரி இருந்தது, மதிப்பு 3. அதாவது பவர்சேவ் இயங்கட்டும் என்று பொருள். 2 என்றால் நிறுத்து. 2 ஆக மாற்றி நெட்வொர்க்மேனேஜரை மறுபடி தொடங்கினேன், பிங் ஒரே சீராகிவிட்டது. பேட்டரி கொஞ்சம் முன்னதாகத் தீரும், அது எனக்குப் பரவாயில்லை.

* * *

பவர்சேவை நிறுத்தியும் எனக்கு ஒன்றும் மாறவில்லை. ப்ளூடூத் ஹெட்ஃபோன் மாட்டினால் மட்டும் வேகம் படுத்துவிடும். ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ், என் வைஃபையும் அதே பட்டை, போதாக்குறைக்கு இரண்டும் ஒரே அட்டையில். 5 கிகாஹெர்ட்சுக்கு மாறியதும் தொல்லை தீர்ந்தது. யுஎஸ்பி 3 வன்தட்டு பக்கத்தில் இருந்தாலும் இப்படி ஆகலாம். அதன் இரைச்சல் 2.4 பட்டையில் விழும் என்று இன்டெல் 2012-லேயே ஆவணம் வெளியிட்டிருக்கிறது.

* * *

5 கிகாஹெர்ட்சுக்குப் போகிறவர்கள் சானலையும் (பட்டைக்குள் ரவுட்டர் பயன்படுத்தும் அலைவரிசையின் எண்) பாருங்கள். 52-இலிருந்து 144 வரையிலான சானல்கள் பல நாடுகளில் ரேடாருடன் பகிர்ந்துகொள்பவை. ரேடார் மாதிரி எதையாவது கேட்டால் ரவுட்டர் அந்தச் சானலைக் காலி செய்தே ஆக வேண்டும். என் மடிக்கணினி அந்த மாற்றத்தைத் தொடர முடியாமல் அறுந்துபோகும். மடிக்கணினியின் கர்னல் பதிவில் (லினக்ஸின் மையப்பகுதி எழுதிவைக்கும் குறிப்பு) அறுந்த நேரத்தையும் ரவுட்டர் பதிவில் சானல் மாறிய நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. ரவுட்டரில் 'தானியங்கி'யை எடுத்துவிட்டு 36 என்று நிலையாக வைத்துவிட்டேன்.

* * *

ஆர்ச் லினக்ஸ்காரர்களுக்கு: வைஃபை இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் நிரல்களான ஐடபிள்யூடி, டபிள்யூபிஏ சப்ளிகன்ட் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒரே அட்டைக்கு இரண்டும் அடித்துக்கொள்ளும். ஒன்றை நிறுத்தினால் போதும்.

* * *

முதலில் எழுதியவருக்கு: டிஎல்பி (பேட்டரியை மிச்சப்படுத்தும் மென்பொருள்) வைத்திருக்கிறீர்களா? சார்ஜரைக் கழற்றியதும் அது பவர்சேவைத் திரும்ப இயக்கிவிடும். அதன் அமைப்புக் கோப்பிலும் பேட்டரிக்கான வைஃபை வரியை 'ஆஃப்' ஆக்குங்கள்.

* * *

அட, ஆமாம்! சார்ஜர் இல்லாதபோது மட்டும் பிங் இன்னும் துள்ளுவது அதனால்தானா? இப்போது மாற்றிவிட்டேன், ஓடவிட்டுப் பார்க்கிறேன்.