பெரும்பாடு (மாதவிடாயில் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு): ரங்கூனிலிருந்து என் அனுபவம்

எங்கள் வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இங்கே பால்கனியிலிருந்து கயிறு தொங்கும். கடைக்காரர் கிளிப்பில் மாட்டிவிடும் பையை மேலே இழுத்துக்கொள்வோம். போன மழைக்காலத்தில் இரண்டு கிலோ அரிசியை இழுக்கும்போதே மூச்சு வாங்கிக் கயிறு நழுவிவிட்டது. தெருவெல்லாம் அரிசி. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அதற்கு முன்னால் இரண்டு வருஷமாகவே மாதவிடாய் பத்து நாள் நீடித்தது. முதல் மூன்று நாள் மணிக்கு ஒரு பேட், கட்டி கட்டியாகப் போகும். கறுப்பு லுங்கி தவிர வேறு கட்டியதில்லை. ராத்திரி அலாரம் வைத்து எழுந்து மாற்றுவேன். அத்தையிடம் சொன்னால், “46 வயசாச்சு, நிக்கப் போற நேரத்துல இப்படித்தான்டி” என்பார். நானும் நம்பினேன்.

ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 7.2தான் இருந்தது, ரத்தசோகை. முதலில் பார்த்த டாக்டர், ஸ்கேனில் 3 செ.மீ. நார்க்கட்டியை (ஃபைப்ராய்டு, கர்ப்பப்பையில் வரும் புற்று அல்லாத கட்டி) பார்த்ததுமே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். வேறு வழி உண்டா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மகள்தான் இன்னொரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். கட்டி உள்ளறையை அமுக்கவில்லை, மருந்திலேயே தொடங்கலாம் என்றார் அவர். 45 வயது தாண்டியதால் கர்ப்பப்பையின் உள்சவ்வில் துளி எடுத்துச் சோதித்து, புற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

முதலில் கொடுத்தது ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, 500 மி.கி., இரண்டிரண்டாக மூன்று வேளை, அதிகம் போகும் நாட்களில் மட்டும், நாலு நாளைக்கு மேல் கூடாது. காலில் ரத்தம் உறைந்தது உண்டா என்று முதலிலேயே கேட்டார். உறைந்தவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாதாம். போக்கு குறைந்தது, ஆனால் எனக்குப் போதவில்லை.

பிறகு ஹார்மோன் லூப் வைத்தார்கள், கர்ப்பப்பைக்குள் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஹார்மோன் விடும் சின்னக் கருவி. காப்பர் டி என்று குழப்பிக்கொள்ளாதீர்கள், அது போக்கைக் கூட்டும். முதல் நாலு மாதம் நாள் தவறாமல் கறை. எடுத்துவிடச் சொல்லி அழுதேன். “ஆறு மாசம் பொறுங்கம்மா” என்றார். ஐந்தாம் மாதம் இரண்டு நாள் லேசாகப் பட்டதோடு சரி.

இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடுகிறேன். முன்னும் பின்னும் டீ கிடையாது. டீக்கடை ஊரில் இதுதான் பெரிய கஷ்டம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள்.

அறுவை சிகிச்சையே தப்பு என்று சொல்லமாட்டேன். பெகுவில் என் தோழிக்குப் பெரிய கட்டிகள், கர்ப்பப்பையை எடுத்த பிறகுதான் நிம்மதி. அவள் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதித்தாள்.

லூப் வைத்து ஐந்து வருஷம் முடித்தவர்கள் இருந்தால், மாற்றி வைத்தீர்களா, அதற்குள் மாதவிடாயே நின்றுவிட்டதா என்று சொல்லுங்கள்.