840 கிலோ போட் ட்ரெய்லர், டபுள் கேப்: முதலில் பார்க்க வேண்டியது மூக்குப் பாரமா, பிறேக்கா?

நிலாவெளி_புதுசு
20 அடி பைபர் போட்டுக்கு ஒற்றை அச்சு ட்ரெய்லர். இழுக்கிறது ஹைலக்ஸ் டபுள் கேப் பிக்கப். கந்தளாய்ப் பக்கம் நேர் றோட்டில் 55 தாண்டினால் ட்ரெய்லரின் வால் இடமும் வலமும் ஆடுது, காலை எடுத்தால் நிக்குது. அளவு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறன். நெல் ஆலை வே பிறிட்ஜில் (லொறி நிறுக்கிற தராசில்) ட்ரெய்லர், போட், சாமான் எல்லாம் சேர்த்து 840 கிலோ. அதில் ட்ரெய்லர் மட்டும் 280. ஹிட்ச் குண்டின் நடுவிலிருந்து அச்சு வரை 4 மீற்றர். குளியலறைத் தராசைச் சீமெந்துக் கல்லின் மேல் வைத்து, ஹிட்ச் உயரத்துக்கே தூக்கி அளந்த மூக்குப் பாரம், அதாவது ட்ரெய்லரின் முன் முனை குண்டில் அழுத்துகிற பாரம், 24 கிலோ. 40 குதிரை வலு என்ஜின் போட்டின் பின் தட்டில் தொங்குது, நிறை 72. பெற்றோல் நிரம்பிய 25 லீற்றர் டாங்க் இரண்டும் பின்னுக்குத்தான், சேர்த்து 40 கிலோ. ட்ரெய்லரில் பிறேக் இல்லை. எதில் கை வைக்கிறது?

கொட்பே_துறை
தம்பி, 24 கிலோ சரியான பாரம்தான். ஒராள் ஒரு கையால் தூக்கித் திருப்பக்கூடியதாய் இருக்கவேணும். நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கம் மணலில் போட் இறக்கிற ஆளுக்கு இது தெரியும். மூக்கில் 60 கிலோ வைத்தால் முன் தாங்கு சில்லு மணலில் புதைஞ்சு போகும். பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, முன் சில்லு லேசாகி, ஸ்டியரிங் மிதக்கும். ஆட்டத்துக்குக் காரணம் ரயர் காத்து. மணலுக்கு 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிப்போட்டு திரும்ப ஏற்றாமல் தார் றோட்டில் ஓடுற ஆக்கள்தான் கூட. ரயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கிற அளவுக்கு ட்ரெய்லர் ரயருக்குக் காத்து அடிங்க, பிறகு பேசுவம்.

உவர்மலை_கணக்கு
காத்து விசயம் சரி, அதை முதல் செய்யட்டும். ஆனால் 24 கிலோ சரியான பாரம் இல்லை அண்ணை. 840இல் 24 என்றால் 3 வீதம்கூட இல்லை. போட் ட்ரெய்லருக்கு 5 முதல் 10 வீதம் வேணும், ஆள் தங்குகிற பெட்டி ட்ரெய்லருக்கு 10 முதல் 15. பின்பாரம் கூடின ட்ரெய்லர் ஒரு பக்கம் விலகினால் அந்தப் பின்பாரமே அதை இன்னும் தள்ளும். வேகம் கூடக் கூட ஆட்டம் தானாய் அடங்குகிற தன்மை குறைஞ்சுகொண்டு போகும். 55இல் ஆடி, காலை எடுத்ததும் நிக்குது என்றால் அந்த எல்லையில் நிக்குது என்றுதான் அர்த்தம். 70இல் நிக்காது.

ஸ்டியரிங் மிதக்கும் என்ற பயத்துக்குக் கணக்கு இருக்கு. ஹைலக்ஸின் முன் பின் அச்சுக்கு இடைவெளி 3.085 மீற்றர். குண்டு பின் அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால் என்று எடுத்தால், 60 கிலோ மூக்குப் பாரத்துக்கு முன் அச்சில் குறைகிறது 23 கிலோ. பின் அச்சில் கூடுகிறது 83. ஒராள் பின் படியில் ஏறி நிற்கிற மாதிரி. இதற்கு அமுங்குகிற பிக்கப் என்றால் அதன் ஸ்பிரிங் தட்டைத்தான் பார்க்கவேணும்.

தம்பி தராசை ஹிட்ச் உயரத்தில் வைத்தது நல்ல வேலை. தரையில் வைத்து அளந்திருந்தால் ட்ரெய்லர் மூக்குக் குனிஞ்சு, பாரம் முன்னுக்கு வந்து, 8, 9 கிலோ கூடவே காட்டியிருக்கும். பெரிய வே பிறிட்ஜில் மூக்கை அளக்கிறதும் சரிவராது. அது 10 அல்லது 20 கிலோப் படியில்தான் காட்டும்.

நிலாவெளி_புதுசு
ரயருக்குச் சரியாய்க் காத்து அடிச்சுப் பார்த்தாச்சு. ஆட்டம் தொடங்குகிற வேகம் 60க்குத் தள்ளிப்போனது, முற்றாய்ப் போகவில்லை. அணியத்தில் (போட்டின் முன் முனையில்) 50 கிலோ மணல் மூட்டை போடச் சொல்லி ஒருத்தர் சொல்றார். சரியா?

சீனக்குடா_வெல்டிங்
வேண்டாம். பின்னால் 72 கிலோ என்ஜின், முன்னால் 50 கிலோ மணல் என்றால் அது ரெண்டு முனையிலும் குண்டு கட்டின இரும்புத் தண்டு. தராசில் மூக்குப் பாரம் அழகாய்த் தெரியும், ஆனால் ஒருக்கா ஆடத் தொடங்கினால் இலேசில் நிக்காது. பாரம் எல்லாம் அச்சுக்குக் கிட்ட, கொஞ்சம் முன்னுக்கு இருக்கவேணும்.

நிரந்தர வழி அச்சைப் பின்னுக்குத் தள்ளுறது. இவர் தந்த அளவுக்கு 18 சென்ரிமீற்றர் தள்ளினால் 59 கிலோ வரும், 7 வீதம். அல்லது போட்டை இழுத்துக் கட்டுகிற விஞ்ச் தூணை முன்னுக்குக் கொண்டுபோய் போட்டை 25 சென்ரிமீற்றர் முன்னேற்றலாம், கிட்டத்தட்ட அதே பலன். ஆனால் போட் முன்னுக்குப் போனால் கடைசி உருளையும் அதே அளவு முன்னுக்கு வரவேணும். பின் தட்டுக்கு அடியில் உருளை இல்லாமல் விட்டால் என்ஜின் பாரத்தில் அடிப்பக்கம் வெடிக்கும்.

அச்சு யூ போல்ட்டில் ஏறின ட்ரெய்லர் என்றால் வெல்டிங்கே தேவையில்லை. சட்டத்தைத் தாங்கியில் ஏற்றி, யூ போல்ட்டைத் தளர்த்தி, அச்சை நகர்த்தி, குண்டுப் பிடியின் நடுவிலிருந்து அச்சின் இரண்டு முனைக்கும் நாடா பிடிங்க. இரண்டு அளவும் 3 மில்லிமீற்றருக்குள் ஒத்துவரவேணும். இல்லையென்றால் ட்ரெய்லர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடும், ரயர் ஒரு பக்கம் தேயும். இறுக்கின பிறகு 50 கிலோமீற்றர் ஓடி யூ போல்ட்டையும் சில்லு நட்டையும் திரும்ப இறுக்குங்க. நாகம் (துத்தநாகம்) முக்கின சட்டத்தில் தாங்கியை வெட்டி ஒட்டுறது கடைசி வழி. ஒட்டின இடம் உப்பில் முதல் துருப்பிடிக்கும்.

கிண்ணியா_நானா
வெல்டிங் தம்பி சொல்றது வேலைக்குச் சரி. ஆனா நாளைக்கே ஓடணும் என்டா ஏன் அச்சை நோண்டணும்? என்ஜினைக் கழட்டி பிக்கப் தட்டில வைங்க. ரெண்டு பேர் தூக்கிற சாமான்.

உவர்மலை_கணக்கு
நானா சொன்னதைப் போட்டுப் பார்த்தேன். என்ஜின் அச்சுக்கு 2.3 மீற்றர் பின்னால் தொங்கினால், அதைக் கழட்டின உடனே மூக்கில் 41 கிலோ கூடும். 24 போய் 65. மொத்தம் 768 கிலோவுக்கு 8.5 வீதம். முனைப் பாரமும் போகுது. ஒரு கிலோ மணல் தேவையில்லை. இதைவிட மலிவான திருத்தம் இல்லை.

கொட்பே_துறை
என்ஜினைத் தட்டில் படுக்க வைக்கிறவர்களுக்கு ஒன்று. கடலால் வந்த கையோடு படுக்க வைக்கக்கூடாது. நிமிர்த்தி வைத்து, குளிர்த்தும் தண்ணி முழுக்க இறங்கவிட்டு, பிறகு என்ஜினின் தலைப்பக்கம் காலைவிட (தண்ணிக்குள் இறங்குகிற கீழ்ப்பகுதியைவிட) உயரமாய் வருகிற மாதிரிப் படுக்க வைங்க. தலை தாழ்ந்தால் காலுக்குள் நிற்கிற உப்புத் தண்ணி சிலிண்டருக்குள் போகும். நாள்தோறும் கரைக்கும் வீட்டுக்கும் 2 கிலோமீற்றர் ஓடுறதுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை, 30இல் ஓடுங்க. அப்போது என்ஜினைத் தூக்கின நிலையில் கட்டை கொடுத்துக் கட்டுங்க, பள்ளத்தில் குதிக்கிற ஒவ்வொரு தரமும் பின் தட்டுத்தான் அடி வாங்குது.

மூக்குப் பாரத்தில் கணக்கை ஏற்கிறேன். 65 கிலோவுக்கு மணலில் அகலமான தாங்கு சில்லு போடட்டும்.

சீனக்குடா_வெல்டிங்
அடுத்தது பிறேக். ஹைலக்ஸுக்கு அவுஸ்ரேலியாவில் கொடுத்திருக்கிற அளவு: பிறேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் 750 கிலோ வரைதான். ஐரோப்பாவிலும் அதே 750தான் எல்லை. 840 கிலோவை வெறும் பிக்கப் பிறேக்கில் நிறுத்துறது பிழை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை கடக்கிற றோட்டு அது. அங்கே சட்டென்று அழுத்தினால் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். வளைவில் தள்ளினால் பிக்கப்பும் ட்ரெய்லரும் கத்தி மடிகிற மாதிரி மடியும். தள்ளுவிசையில் தானாய்ப் பிடிக்கிற பிறேக் போடுங்க, மின்சாரம் தேவையில்லை.

கொட்பே_துறை
அங்கேதான் ஒத்துப்போக ஏலாது. ட்றம் பிறேக்கை உப்புத் தண்ணிக்குள் இறக்கி ஒரு பருவம் ஓடிப் பாருங்க. கேபிள் துருப்பிடிச்சு, லைனர் ட்றம்மோடு ஒட்டிப்போகும். ஒட்டின பிறேக் இல்லாத பிறேக்கை விட ஆபத்து. ஹப் சூடாகி, கிறீஸ் உருகி வெளியே வந்து, பெயாரிங் பிடிச்சு, சில்லே கழண்டு போகும். மற்றது, ட்ரெய்லரைப் பின்னுக்கு மேட்டில் ஏற்றும்போது தள்ளுவிசைப் பிறேக் தானாய்ப் பிடிச்சு நிக்கும்.

சீனக்குடா_வெல்டிங்
பின்னோட்டத்துக்குப் பூட்டு இருக்கு அண்ணை. தண்டின் மேல் ஒரு தகட்டை மடித்துவிட்டால் தண்டு உள்ளே போகாது, பிறேக் பிடிக்காது. றோட்டில் ஏற முதல் அதைத் திரும்ப எடுக்கவேணும், அது ஒன்றுதான் மறக்கக்கூடாது. உப்புக்கு ட்றம்மை விட டிஸ்க் நல்லது. நல்ல தண்ணி நேராய் அடிக்கலாம், தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். கழுவ மாட்டன் என்கிற ஆளுக்கு எதுவும் சரிவராதுதான்.

கிண்ணியா_நானா
என்ஜினோட டாங்க் ரெண்டையும் பிக்கப்பில வைச்சா?

உவர்மலை_கணக்கு
728 கிலோ. 750க்குள் வரும். மூக்கில் 83, அதாவது 11 வீதம் தாண்டும். கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஓட்டத்துக்குப் பாதுகாப்பான பக்கம். டாங்கின் காத்துத் திருகை இறுக்கி, நிமிர்த்திக் கட்டி, வெயில் நேராய்ப் படாமல் வைக்கவேணும்.

ஆனால் 750க்கு 22 கிலோதான் இடைவெளி. நனைஞ்ச வலை, ஐஸ் பெட்டி, நங்கூரம் ஏறினால் போச்சு. நீண்ட பயணத்துக்கு வெறும் போட்டாய் இழுத்தால் மட்டும்தான் இந்தக் கணக்கு நிக்கும். வலையும் ஐஸும் ஏற்றி இழுக்கிறவருக்குப் பிறேக் வேணும் என்றுதான் நானும் சொல்லுவேன்.

கொட்பே_துறை
அப்படியென்றால் வலையையும் பிக்கப்பில் போடட்டும். பிறேக்கை நம்பி வேகம் கூட்டுகிறதை விட அது மேல்.

பெயாரிங் பற்றி ஒருவரும் பேசவில்லை. 80 கிலோமீற்றர் ஓடி வந்து, ஹப் சூடாய் இருக்கேக்கையே கடலுக்குள் இறக்கினால் உள்ளே இருக்கிற காத்து சுருங்கி, சீல் வழியே உப்புத் தண்ணியை உறிஞ்சும். ஹப்பைக் கையால் தொட்டு, குளிர்ந்திருந்தால் மட்டும் இறக்குங்க. இறக்க முதல் லைற் பிளக்கைக் கழட்டுங்க. கடலால் எடுத்ததும் நல்ல தண்ணி. வருசத்துக்கு ஒருக்கா, வாடை தொடங்கி போட் கரையேறும்போது, பெயாரிங்கைக் கழட்டி மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, கடல் கிறீஸைப் பெரிய பக்கத்தால் அழுத்துங்க, மற்றப் பக்கத்தால் கிறீஸ் பிதுங்கும் வரைக்கும். பழைய கிறீஸுக்கு மேல் வேறு வகை கிறீஸ் அடிக்காதீங்க, சேராமல் தண்ணியாய் ஓடும்.

சீனக்குடா_வெல்டிங்
இதில் அண்ணையோடு முழுச் சம்மதம். இறுக்கும்போது சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டைக் கனமாய் வருமட்டும் இறுக்கி, பிறகு கால் சுற்றுத் தளர்த்தி ஸ்பிலிட் பின் போடுங்க. முதல் ஓட்டத்தில் 15 கிலோமீற்றரில் நிறுத்தி ஹப்பில் கை வைத்துப் பாருங்க. கையை வைத்திருக்க முடியவில்லையென்றால் இறுக்கம் கூட.

குண்டையும் பாருங்க தம்பி. 50 மில்லிமீற்றர் குண்டும் 2 அங்குலக் குண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். 2 அங்குலப் பிடிக்குள் சின்ன 1 7/8 அங்குலக் குண்டு போனால் பூட்டின மாதிரி இருக்கும், பள்ளத்தில் குதிக்கும்போது கழண்டுவிடும். பூட்டினதும் தாங்கு சில்லால் மூக்கை மேலே திருப்பிப் பாருங்க. பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் பிடிச்சிருக்கு. சங்கிலி இரண்டையும் தண்டுக்குக் கீழே குறுக்காய் மாட்டுங்க. கழண்டால் மூக்கு றோட்டில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

நிலாவெளி_புதுசு
என்ஜினைப் பிக்கப் தட்டில் வைத்து அளந்தேன். தராசு 67 காட்டுது. 65 வேகத்தில் ஆட்டமே இல்லை. கச்சான் காத்து அடிக்கிற நேரம் கிண்ணியாப் பாலத்தில் எவ்வளவு வேகம் போகலாம்? திரும்ப ஆடினால் என்ன செய்யிறது?

கிண்ணியா_நானா
பாலம் 396 மீற்றர், ரெண்டு பக்கமும் மறைப்பு இல்லை. 40க்கு மேல போகாதீங்க. பஸ் எதிரே வந்து கடக்கேக்க காத்து ஒருக்கா நிண்டு திரும்ப அடிக்கும், அந்த இடத்திலதான் ட்ரெய்லர் உதறும். ஆடினா பிறேக் அழுத்தப்படாது, ஸ்டியரிங்கால எதிர்ப்பக்கம் வெட்டப்படாது. நேராப் பிடிச்சுக்கொண்டு காலை எடுங்க. வேகம் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்டு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க.

கொட்பே_துறை
புறப்பட முதல் போட்டின் பின் அடியில் இருக்கிற ஓட்டைத் தக்கையைக் கழட்டி வைங்க. இரவு பெய்த மழையில் 100 லீற்றர் பின்னுக்கு நின்றால் உங்கள் 67 கிலோவில் பாதி போயிடும். கடலில் இறக்க முதல் திரும்பப் பூட்ட, தக்கையைப் பிக்கப் சாவியோடு கட்டி வைங்க.