2014 வேகன் ஆர்: நீல விளக்கு அணைய நேரமெடுக்கிறது, பெற்றோலும் குடிக்கிறது. என்ன பிரச்சினை?

வெள்ளவத்தை34:

வணக்கம். மூன்று கிழமைக்கு முன் 2014ஆம் ஆண்டு வேகன் ஆர் ஒன்று வாங்கினேன். ஆர்06ஏ எஞ்சின், 658 சிசி. அம்மாவை மாதம் இரண்டு தரம் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். முச்சக்கர வண்டியில் அவரால் இனி ஏறி இறங்க முடியாது. அதற்காகத்தான் லீசிங் போட்டு எடுத்தேன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஏறிய விலை உங்களுக்குத் தெரியும். எனக்கு இது பெரிய காசு.

பார்க்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது நான் கவனித்தவை:

பெற்றோல் லீற்றருக்கு 10 கிலோமீற்றர்தான் போகிறது. டாங்கை வழிய நிரப்பி இரண்டு தரம் அளந்தேன்.

காலையில் ஸ்டார்ட் பண்ணினால் டாஷ்போர்ட்டில் வரும் நீல விளக்கு பம்பலப்பிட்டி தாண்டியும் எரிகிறது. கட்டுநாயக்க அதிவேக வீதியில் போனபோது, அணைந்த விளக்கு மறுபடி வந்தது.

சிக்னலில் எஞ்சின் தானாக நின்று ஓடும் ஐடில் ஸ்டொப் ஒரு நாளும் வேலை செய்யவில்லை. விற்றவர், "அதை நிறுத்தி வைத்திருக்கிறேன், பற்றரிக்கு நல்லது" என்றார்.

கொழும்பின் காலி வீதி நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் ஏசி காற்று சூடாகிறது.

ஒரு கராஜில் காட்டினேன். எதையும் கழற்றிப் பார்க்காமலே ப்ளக், கொயில், இன்ஜெக்டர் சுத்தம் எல்லாம் சேர்த்து 65,000 ரூபா என்றார்கள். செய்யலாமா?

கல்கிசை வாசி:

ப்ளக் மாற்றுங்கள், த்ரொட்டில் பொடியையும் கழுவுங்கள். என் வண்டியிலும் பெற்றோல் குடித்தது, ப்ளக் மாற்றியதும் சரியாகிவிட்டது.

தெஹிவளை:

ஐடில் ஸ்டொப் வேலை செய்யாவிட்டால் முதலில் பற்றரியைச் சந்தேகியுங்கள். அந்த வண்டிக்கு அதற்கென்றே தனி வகை பற்றரி இருக்கிறது. சாதாரண பற்றரி போட்டிருந்தால் சில மாதங்களிலேயே சோர்ந்துவிடும்.

மருதானை பாஸ்:

தம்பி, அந்த 65,000ஐ இப்போதைக்குப் பொக்கற்றிலேயே வைத்திருங்கள். ப்ளக் கெட்டால் எஞ்சின் உதறும், இழுவை குறையும். உங்கள் வண்டி உதறுவதாக நீங்கள் எழுதவேயில்லை. பற்றரியும் இருக்கலாம். ஆனால் எஞ்சின் சூடாகாவிட்டாலும் ஐடில் ஸ்டொப் வேலை செய்யாது. நீல விளக்கு சொல்வதும் அதைத்தான்.

கொழும்பு வெயிலில் அது ஐந்தாறு நிமிடத்துக்குள் அணைய வேண்டும். ஓடும்போது திரும்ப வந்தால், தண்ணீர் காற்றில் ஆறிப்போகிறது என்று அர்த்தம். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி இறுகியிருக்கும், இல்லையென்றால் அந்த வால்வே உள்ளே இருக்காது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து, கூடுதலாகப் பெற்றோலை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பெற்றோல் ஒயிலிலும் கலக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்து மணந்து பாருங்கள்.

நாளை காலை வண்டி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறம் பாருங்கள். சூடாக இருக்கும்போது கட்டாயம் திறக்க வேண்டாம், கை வெந்துவிடும். அப்புறம் மூடியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் பிடியுங்கள். வால்வு நல்லது என்றால் எஞ்சின் சூடேறும்வரை அந்த ஹோஸ் குளிராகவே இருக்கும், திறந்த பிறகுதான் திடீரென்று சுடும். கடைசியாக ஏசியைப் போட்டு, முன்னால் இருக்கும் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். நெரிசலில் ஏசி சூடாவது எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளவத்தை34:

மிகவும் நன்றி அண்ணா. பார்த்தேன். தண்ணீர் பிளேன்டீ நிறம், கூலன்ட் மாதிரியே இல்லை. மேல் ஹோஸ் இரண்டாவது நிமிடத்திலேயே வெதுவெதுப்பாகி, மெல்ல மெல்லச் சூடேறியது. டிப்ஸ்டிக்கில் பெற்றோல் வாசம் இருக்கிறது. விசிறி சுற்றவில்லை. ஏசியை அணைத்துப் போட்டேன், அப்போதும் இல்லை. பொனெற்றை மூடும்போது அடித்த சத்தத்தில் சுற்றத் தொடங்கியது!

நண்பரிடம் ஸ்கேனர் வாங்கிப் பூட்டினேன். அதிவேக வீதியில் தண்ணீர் 60 பாகை. வெள்ளவத்தைச் சந்தை முன்னால் நெரிசலில் 104 வரை ஏறியது, நான் பயந்து ஓரங்கட்டினேன். ஒரே வண்டி எப்படிக் குளிராகவும் சூடாகவும் இருக்க முடியும்?

மருதானை பாஸ்:

அதிலேயே முழுக் கதையும் இருக்கிறது. விசிறி மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு, அதாவது பிரஷ், தேய்ந்திருக்கிறது, அதனால்தான் தட்டினால் சுற்றுகிறது. முன்பு வைத்திருந்தவருக்கு நெரிசலில் வண்டி சூடேறியிருக்கும். விசிறியைப் பார்க்காமல் யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். ஓடும்போது காற்றே குளிர்வித்துவிடும், வாங்குபவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. நின்றால்தான் குட்டு வெளிப்படும்.

ஒன்று சொல்கிறேன், தயவு செய்து கேளுங்கள்: தெர்மோஸ்டாட்டை மட்டும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா:

பாஸ் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நான் அப்படித்தான் செய்தேன். வால்வு புதிது, விசிறி பழையது. பேஸ்லைன் வீதியில் எஞ்சின் கொதிக்கிறது என்று டாஷ்போர்ட்டில் சிவப்பு விளக்கு வந்தும், வீடு கிட்டத்தானே என்று ஓட்டிவிட்டேன். எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கெஸ்கெற்றும் போய்விட்டது. வண்டி ஒரு மாதம் கராஜில் நின்றது. சிவப்பு விளக்கு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள் தம்பி, அம்மாவும் வண்டியில் இருப்பார்.

மருதானை பாஸ்:

முதலில் ஹெட் கெஸ்கெற் பார்க்க வேண்டும், ஏற்கனவே சூடேறிய வண்டி அல்லவா. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல மருந்து பல கராஜ்களில் இருக்கிறது. எஞ்சின் புகை தண்ணீருக்குள் வந்தால் அது மஞ்சளாக மாறும். மாறினால் வேறு எதற்கும் செலவு செய்யாமல் இங்கே எழுதுங்கள். மாறாவிட்டால் விசிறி மோட்டார், ரேடியேட்டர் சுத்தம், புதிய மூடி, அதற்குப் பிறகு தெர்மோஸ்டாட், கடைசியில் கூலன்ட். காற்றை முழுதாக வெளியேற்றச் சொல்லுங்கள். ஒயிலையும் மாற்றுங்கள், பெற்றோல் கலந்த ஒயில் தண்ணீர் மாதிரி, பெயாரிங்கைத் தின்றுவிடும்.

வெள்ளவத்தை34:

ஆறு நாளுக்குப் பிறகு வருகிறேன். மருந்து நீலமாகவே இருந்தது. அந்த ஐந்து நிமிடமும் கராஜில் நான் கண்ணை எடுக்கவில்லை.

வால்வு இருக்கும் மூடியை என் முன்னாலேயே கழற்றினார்கள். உள்ளே வெறும் ஓட்டை. ரப்பர் வளையத்துக்குப் பதிலாகச் சிலிக்கன் பசை அப்பியிருந்தது.

பஞ்சிகாவத்தையில் இரண்டு கடை ஏறி, ஜப்பான் பழைய விசிறி மோட்டார் ஒன்று எடுத்தேன். கடைக்கார நானா பற்றரியில் பூட்டி, சுற்றவிட்டுக் காட்டித்தான் தந்தார். தெர்மோஸ்டாட்டும் மூடியும் புதிது. ரேடியேட்டரில் இருந்து வந்த சேற்றை ஒரு வாளியில் பிடித்தார்கள், அடியில் துரு மண் மாதிரிப் படிந்தது. எல்லாம் சேர்ந்தும் அந்த 65,000இல் பாதி வரவில்லை.

இப்போது நீல விளக்கு ஐந்தாவது நிமிடம் அணைகிறது. ஸ்கேனரில் ஓடும்போதும் நெரிசலிலும் 86 முதல் 95 வரைதான். நேற்று கொள்ளுப்பிட்டி சிக்னலில் எஞ்சின் தானாக நின்றது. அம்மா பயந்து "வண்டி நின்றுபோச்சே" என்றார். பிரேக்கில் இருந்து காலை எடுத்ததும் திரும்ப ஓடியது.

தெஹிவளை அண்ணா, பற்றரியையும் சோதித்தேன், நல்லதாம்.

மருதானை பாஸ்:

சந்தோஷம் தம்பி. ஒரு கிழமைக்குத் தினமும் காலையில், ஸ்டார்ட் பண்ணும் முன் கூலன்ட் ரிசர்வ் டாங்கின் மட்டத்தைப் பாருங்கள். மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இறங்கினால் தண்ணீர் பம்ப், ஹோஸ் கிளிப் பக்கம் ஈரம் தேட வேண்டும்.

வெள்ளவத்தை34:

கோடு போட்டுவிட்டேன் அண்ணா. இன்று மூன்றாவது நாள், மட்டம் கோட்டிலேயே நிற்கிறது. ஞாயிறு டாங்க் நிரப்பும்போது பெற்றோல் கணக்கை எழுதுகிறேன்.