பழஞ்சமயத்தை எடுத்து ஆடியவர்களின் அனுபவங்கள்

மீனாட்சிபுரத்திலிருந்து (பாலக்காடு மாவட்டம்):

இடைக்கால அரச குடும்பம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக நடத்தும் கணினி விளையாட்டான குருசேடர் கிங்ஸில் ‘பேகன்’ என்று குறிக்கப்படும் சமயங்களில் எதை எடுத்துத் தொடங்குவது என்று புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு இவ்வளவு பலன், அதற்கு அவ்வளவு பலன் என்று அட்டவணை போட்டுக் கொடுப்பதைவிட, நான் எதை எடுத்தேன், அதனால் என்ன நேர்ந்தது என்று சொன்னால் அவருக்கு உதவும் என்று நினைக்கிறேன். ‘பேகன்’ என்ற சொல்லுக்கு நான் பழஞ்சமயம் என்றே எழுதுகிறேன். அந்தச் சொல் லத்தீனில் நாட்டுப்புறத்தான் என்ற பொருளிலிருந்து வந்தது. கிறித்தவர்கள் வெளியிலிருந்து வைத்த பெயர். பெர்கூனாஸ், பெருன் போன்ற இடித்தெய்வங்களைக் கும்பிட்ட எவரும் தம்மை அப்படி அழைத்துக்கொண்டதில்லை.

விளையாட்டின் இரண்டாம் பாகம் 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தபோது கிறித்தவ மன்னர்களாக மட்டுமே ஆட முடிந்தது. 2013 மே மாதம் வெளியான ‘தி ஓல்டு காட்ஸ்’ என்ற விரிவாக்கம்தான் பழஞ்சமயத்தாரை நம் கையில் கொடுத்து, தொடக்க ஆண்டையும் 867 வரை பின்னோக்கிக் கொண்டுபோனது. அந்த ஆண்டை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. வடவர்களின் (ஸ்காண்டிநேவியரின்) பெரும்படை இங்கிலாந்தின் யார்க் நகரைப் பிடித்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. நம் பக்கத்தில் விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியிருந்தான். சேரநாட்டில் தாணு ரவியின் ஆட்சியில் அய்யனடிகள் 849இல் தரிசாப்பள்ளிச் செப்பேடு வழங்கிப் பதினெட்டு ஆண்டுகளே கடந்திருந்தன.

எல்லோரையும் போல நானும் முதலில் வடவர் சமயத்தைத்தான் எடுத்தேன். தோர், ஓடின் என்ற பெயர்கள் தெரிந்திருந்தன; நீண்ட படகுகளில் ஆற்று வழியே உள்நாடு வரை புகுந்து கொள்ளையடிக்கலாம் என்பது ஆசையைத் தூண்டியது. முதல் இருபது ஆண்டுகள் மிக இன்பமாகச் சென்றன. ஃப்ரிசியக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த பொன்னால் கோட்டை எழுப்பினேன்; படை சும்மா இருந்தால் புகழ் தேய்ந்துவிடும் என்ற விதி இருந்ததால் ஆண்டுதோறும் எங்காவது கப்பல் அனுப்பினேன். என் தலைவன் இறந்த அன்று எல்லாம் உடைந்தது. சீர்திருத்தப்படாத, அதாவது நிறுவன அமைப்பு பெறாத பழஞ்சமயத்தில் நாடு முழுவதும் ஒரு மகனுக்குப் போகாது. பிள்ளைகளிடையே பங்கு பிரியும். மூன்று மகன்கள் மூன்று துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். மூத்தவனாக ஆடிய நான் அடுத்த பதினைந்து ஆண்டுகளைத் தம்பிகளோடு சண்டையிட்டே கழித்தேன். அந்தச் சண்டையில் செத்த படைவீரர்களின் எண்ணிக்கை, அதுவரை வெளிநாட்டில் செத்தவர்களைவிட அதிகம்.

அப்போது மனத்தில் தோன்றிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் பக்கத்து ஊரான சித்தூரில் கும்ப மாதத்தில் கொங்கன்படை என்ற விழா நடக்கும். கணவாய் வழியாகக் கொங்கு அரசன் படையோடு வந்ததையும், பகவதியின் துணையோடு ஊரார் அவனை முறியடித்ததையும் நினைவுகூரும் விழா அது. தமிழ் பேசும் நாங்களும் சிறுவயது முதல் அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து நின்று, படை வருகிறது என்ற பறையொலி கேட்டு நடுங்கியிருக்கிறோம். அப்படி வளர்ந்தவன் கணினியில் கொள்ளைக் கப்பலை ஓட்டும்போது, கரையில் எரியும் ஊர் எப்படியிருக்கும் என்ற நினைப்பு வராமல் போகாது. அதற்குப் பிறகுதான் தாக்குவோரின் சமயத்தை விட்டுத் தற்காப்போரின் சமயத்தைத் தேடினேன்.

அப்படிக் கிடைத்தது ரோமுவா. பால்டிக் கடலோரத்தில் லிதுவேனியரும் பிரஷ்யரும் கொண்டிருந்த சமயம் இது. இடி முழக்கும் பெர்கூனாஸ் அதன் பெருந்தெய்வம்; ஓக் மரமும் வெட்டக்கூடாத காடுகளும் அதன் கோயில். வெட்டக்கூடாத காடு என்று படித்தவுடன் எங்கள் வீட்டுக்குத் தெற்கேயுள்ள காவு நினைவுக்கு வந்தது. சுள்ளி பொறுக்கக்கூட அங்கே போகக்கூடாது என்று பாட்டி சொல்வார். அங்கே பூசாரி இல்லை, புத்தகமும் இல்லை, ஆண்டுக்கொரு நாள் விளக்கு மட்டுமே உண்டு. அந்த ஒற்றுமைக்காகவே ஒரு சின்ன லிதுவேனியத் தலைவனைத் தேர்ந்தேன். பழஞ்சமயத்தார் நிலத்துக்குள் நுழையும் வேற்றுப்படை, பசியாலும் காட்டாலும் தானாகவே தேயும்படி இரண்டாம் பாகத்தில் அமைத்திருந்தார்கள். கிழக்கேயிருந்து என்னைவிட இருமடங்கு பெரிய படை ஒருமுறை வந்தது. நான் போரிடாமல் பின்வாங்கிக்கொண்டே இருந்தேன். குளிர்காலம் முடிந்தபோது அந்தப் படை பாதியாகியிருந்தது. அதன் பிறகு சதுப்பு நிலத்தோரம் ஒரே போரில் முடிந்தது. 1236இல் லிதுவேனியாவின் மேற்குப் பகுதியினரான சமோகிதியர்கள் சவுலே என்ற இடத்தில் வாள் சகோதரர்கள் என்ற கிறித்தவப் படைத்துறவியரை உண்மையாகவே தோற்கடித்தார்கள். கனத்த குதிரைகள் அந்த ஈரநிலத்தில் பயன்படவில்லை. அதைப் பின்னர் படித்தபோது, விளையாட்டை உருவாக்கியவர்கள் மேல் எனக்கு மதிப்பு உயர்ந்தது.

ஆகவே தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது வரைபடத்தைத்தான். ஒவ்வொரு சமயத்துக்கும் புனிதத் தலங்கள் ஐந்து உண்டு. சமயத்தைச் சீர்திருத்த வேண்டுமானால் அவற்றில் குறைந்தது மூன்று நம் வசம் இருக்க வேண்டும். அதோடு பெருமளவு பக்திப் புள்ளிகளும் வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 750. வடவரின் தலங்களில் உப்சாலா ஸ்வீடனிலும், ஷேலாந்து டென்மார்க்கிலும், மற்றொன்று நார்வேயின் துரோன்ட்ஹெய்ம் பக்கமும் இருக்கின்றன. இந்த மூன்றையும் பிடிக்க மூன்று நாட்டையும் வெல்ல வேண்டும். ரோமுவாவின் தலங்கள் ஒரே வட்டாரத்துக்குள் அடங்கும். எந்தச் சமயத்தின் கோயில்களை உங்கள் சொந்தக் காலால் நடந்து எட்ட முடியுமோ, அந்தச் சமயத்தை எடுங்கள், தம்பி. அண்டை நாட்டார் யார் என்பதை அடுத்தபடியாகப் பாருங்கள். படைபலம், காமக்கிழத்தியர் எண்ணிக்கை முதலியவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சீர்திருத்தத்துக்கு அவசரப்படாதீர்கள் என்றும் சொல்வேன். மூன்றாம் பாகத்தில் சீர்திருத்தம் செய்யும்போது, சமயத்துக்குத் தலைவர் வேண்டாமா, அரசனே தலைவனா, தனியாக ஒரு குருவா என்று கேட்பார்கள். முதல் ஆட்டத்தில் அரசனையே தலைவனாக்கினேன். பெரும் புனிதப்போர்கள் அறிவிக்க முடிந்தது. பழங்குடி ஆட்சியை நிலவுடைமை ஆட்சியாக மாற்றவும் வழி திறந்தது. ஆனால் அதன் பின் நான் ஆடியது ரோமுவாவைப் போலவே இல்லை. பெயர்தான் பெர்கூனாஸ், நடப்பதெல்லாம் ரோமாபுரியின் நடைமுறை. அடுத்த ஆட்டத்தில் தலைவர் வேண்டாம் என்று விட்டேன். பெரும் புனிதப்போர் கிடைக்காமல் போனது உண்மைதான். ஆயினும் என் காவு காவாகவே இருந்தது.

களியக்காவிளையிலிருந்து:

மீனாட்சிபுரம் அண்ணன் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். சீர்திருத்தத்துக்கு அவசரப்படாதீர்கள் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அவர் லிதுவேனியாவில் இருந்தார். நான் மேற்கு ஸ்லாவியர்களை எடுத்து ஆடினேன். எனக்கு அண்டையில் இருந்தவர்கள் ஜெர்மானிய மன்னர்கள்.

அந்தச் சமயத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் ரூகன் தீவு. பால்டிக் கடலில் சுண்ணாம்புப் பாறை முனையில் அர்கோனா என்ற கோயில் இருந்தது. அதில் நான்கு தலைகளோடு சுவந்தவித் என்ற தெய்வம் நின்றது. அதற்கென்று வளர்க்கப்பட்ட வெள்ளைக் குதிரை ஈட்டிகளைக் கடக்கும் விதத்தைப் பார்த்துப் போருக்குப் போகலாமா என்று குறி கேட்டார்கள். எங்கள் பகுதியில் கோயில் கொடைவிழா நடக்கும்போது சாமி வந்தவரிடம் குறி கேட்டுப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1168இல் டென்மார்க் மன்னர் முதலாம் வால்டெமாரும் ஆயர் அப்சலோனும் அர்கோனாவைப் பிடித்து அந்தச் சிலையை வெட்டி வீழ்த்தினார்கள். அது நடக்காத ஒரு வரலாற்றை ஆடிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன்.

எனக்கு அது கைகூடவில்லை. ஸ்லாவியரின் புனிதத் தலங்கள் பால்டிக் கரையிலிருந்து கிழக்கே வெகுதூரம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்க்க நான் கிழக்கே போன ஒவ்வொரு முறையும் மேற்கே ஒரு புனிதப்போர் அறிவிக்கப்பட்டது. பங்குபிரிப்பால் என் பேரன் கையில் ரூகன் தீவும் அதற்கெதிரே கரையில் ஒரு துண்டும் மட்டுமே மிஞ்சின. ஜெர்மானியப் பேரரசன் மீண்டும் வந்தபோது ஞானஸ்நானம் பெற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுத்தியவுடன் போர் அபாயம் நீங்கியது, பக்கத்து மன்னன் பெண் கொடுத்தான், நாடு தப்பியது. பழைய வழிபாட்டில் இருந்த என் சொந்தச் சிற்றரசர்கள் அடுத்த ஆண்டே கிளர்ந்தெழுந்தார்கள்.

போலந்தின் முதலாம் மியேஷ்கோ 966இல் இதையேதான் செய்தார். கீவ் நகரில் பெருனுக்குச் சிலை நிறுத்திய விளாதிமிர், 988இல் தாமே மதம் மாறி அந்தச் சிலையை தினீப்பர் ஆற்றில் தள்ளச் செய்தார். அவர்களுக்கும் வேறு வழி மிகக் குறைவாகவே இருந்திருக்கும் என்பதை அந்த மாலையில்தான் உணர்ந்தேன். ஆகவே தம்பி, பிராங்குகள் போன்ற வலிய கிறித்தவ அரசுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பழஞ்சமயத்தை எடுத்தால், முதல் தலைவன் உயிரோடு இருக்கும்போதே மூன்று தலங்களைப் பிடித்துச் சீர்திருத்தத்தை முடித்துவிடுங்கள். காவைக் காப்பாற்ற முதலில் ஊர் இருக்க வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து:

நான் எடுத்தது தெங்ரி, புல்வெளிக் குதிரைக் குடிகளின் வானத்தெய்வச் சமயம். மகியார் தலைவன் ஆல்மோஷ். புல்வெளியில் நிலம் பெரிது, எதிரியும் விரைவில் வருவான், நாமும் விரைவில் நகரலாம். வரலாற்றில் மகியார்கள் 895ஆம் ஆண்டளவில் கார்பாத்திய மலையைக் கடந்து இன்றைய ஹங்கேரிக்குள் போனார்கள். ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுப் பிறகு இஷ்த்வான் கிறித்தவ மன்னராக முடிசூடினார். நானும் மலையைக் கடந்தேன். கடந்த பிறகு குதிரைப்படைக்கு வேலை குறைந்துபோனது. அதனால் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். தெங்ரியை எடுப்பவர்கள் புல்வெளியிலேயே தங்குவது நல்லது.

வேறொன்று கேட்க விரும்புகிறேன். வரைபடத்தில் இந்தியாவும் இருக்கிறது. 2014இல் வந்த விரிவாக்கத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் நம் பக்கச் சமயங்களைப் பழஞ்சமயங்களோடு சேர்க்கவில்லை. சேரநாட்டைச் சொடுக்கிப் பார்த்தபோது, எங்கள் ஊர் எல்லையில் நிற்கும் சாமிகளுக்கு அந்த வகைப்பாட்டில் எங்கே இடம் என்று யோசித்தேன். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர், திரு-கொச்சி ஆட்சியில் இருந்தது. அதன் பிறகு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எல்லை மாறியபோது அந்தச் சாமிகள் நின்ற இடத்திலேயே நின்றன. இதைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள்?

மீனாட்சிபுரத்திலிருந்து:

களியக்காவிளைத் தம்பி சொன்னதை ஏற்கிறேன். நான் தனித்திருந்த காட்டில் ஆடிவிட்டு எல்லோருக்கும் பொதுவாக அறிவுரை சொன்னது தவறு. மிந்தாவ்காஸ் என்ற லிதுவேனிய மன்னர்கூட 1251இல் ஞானஸ்நானம் பெற்று 1253இல் முடிசூடியவர்தான். 1263இல் கொல்லப்பட்டார், அவர் கொண்டுவந்த மாற்றமும் அவரோடு பெரும்பாலும் போனது. லிதுவேனியா பெரும்பாலும் மதம் மாறியது 1387இல், அதன் மேற்குப் பகுதியான சமோகிதியா 1413இல். அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு அந்தக் காடும் சதுப்பும் இருந்த இடம் ஒரு பெரிய காரணம். ரூகன் தீவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

செங்கோட்டை நண்பரின் கேள்விக்கு: அந்தச் சாமிகளுக்கு விளையாட்டில் இடமில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வேதமும் புராணமும் உள்ள சமயம் என்று ஒரே நிறத்தைப் பூசியதால், அதன் அடியில் இருக்கும் காவும் எல்லைக்கல்லும் மறைந்துவிட்டன. மூன்றாம் பாகத்தில் போதிய பக்தி சேர்த்தால் புதிய சமயப்பிரிவு ஒன்றை உருவாக்கலாம். சேரநாட்டில் ஒரு சிற்றரசனாகத் தொடங்கி, முன்னோர் வழிபாட்டைக் கோட்பாடாக வைத்து, தலைவர் இல்லாத பிரிவு ஒன்றை இந்த மாதம் உருவாக்கப் பார்க்கிறேன். பாலக்காட்டுக் கணவாயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டேன். இப்போது கொங்கு அரசன் படை திரட்டிக்கொண்டிருக்கிறான்.